பின்சக்கரத்துப் பளபளப்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஷீரைத் தேடி வருகிறவர்கள் வீட்டுக்குள் போகத் தேவையில்லை. வாசலில், அந்த ஊர்ப் பேச்சில் காடி எனப்படும் தன் சின்னக் காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருப்பான். கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை. மனைவி சலேஹா நேற்று என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்டால் முழிப்பான். காடியில் எங்கே கீறல் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைப்பான்.

அந்தக் காடியில் அவனுக்கு ஒரு குறை இருந்தது. புதிதாக மாட்டிய ரிம்மின் இடைவெளி வழியே பார்த்தால் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் மின்னும். பின்சக்கரத்திலோ பழைய டிரம் பிரேக், அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுத்துக் கிடக்கும். அந்த டிரம் ஒருநாளும் அவனைக் கைவிட்டதில்லை. மிதித்தால் நின்றது, இழுத்தால் பிடித்தது. ஆனால் ஆபீஸ் நண்பர்களின் காடிகளில் நாலு சக்கரத்திலும் டிஸ்க் மின்ன, தன் காடியை அவற்றின் பக்கத்தில் நிறுத்தவே பஷீருக்குக் கூச்சமாக இருந்தது.

பட்டர்வொர்த்தில் மைத்துனன் இஸ்மாயிலின் கல்யாண விருந்து, கெந்தூரி, வந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். அதற்குள் பின்சக்கரத்துக்கும் டிஸ்க் போட்டே தீருவது என்று, முந்தின நாள் ஜுருவிலுள்ள முனுசாமியின் வொர்க்ஷாப்பில் போய் நின்றான்.

ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் பழைய காடிகளின் சாமான் முனுசாமியிடம் குவிந்து கிடந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் டிஸ்க் ஏறிவிட்டது. ஆனால் முனுசாமியின் முகத்தில் தெளிவில்லை.

"அண்ணே, கால் பிரேக் பக்காவா பிடிக்குது. ஹேண்ட் பிரேக்தான் இன்னும் மாட்டல. உங்க பழைய கேபிள் இதுக்குச் சேராது, வேற செய்யணும். ஒரு வாரம் காடிய இங்கயே விட்டுட்டுப் போங்களேன்."

"ஒரு வாரமா? நாளைக்குக் கெந்தூரி லா! ஹேண்ட் பிரேக்கை எவன் எட்டிப் பார்க்கப் போறான்?"

முனுசாமி தலையைச் சொறிந்தான். "அப்படின்னா, எங்க நிறுத்தினாலும் இஞ்சினை அணைச்சுட்டுக் கியர்ல போட்டு வைங்க. ஃப்ரீ கியர்ல விட்டுடாதீங்க. வீட்ல அண்ணிகிட்டயும் மறக்காம சொல்லிடுங்க."

சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் சலேஹா அந்தக் காடியில் ஏறமாட்டாள். வீட்டுக்கு வந்தவனிடம் அவள், "என்னங்க, எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டபோது, "ஓகே லா" என்று முடித்துக்கொண்டான்.

கெந்தூரியில் பஷீர் நினைத்தது நடந்தது. "மச்சான், பின்னாலயும் டிஸ்க்கா!" என்று இஸ்மாயில் மாப்பிள்ளைக் கோலத்திலேயே குனிந்து பார்த்தான். பஷீருக்குப் பிரியாணி தொண்டையில் இறங்கவில்லை. பெருமையிலேயே வயிறு நிறைந்துவிட்டது.

மகள் ஹாஜராவுக்குக் கடல் பார்க்க ஆசை. அதனால் கடல்மேல் போகும் பாலத்தை விட்டு, காடியை ஃபெரியில் ஏற்றித் தாங்கள் குடியிருந்த தீவுக்குத் திரும்பினார்கள். முன்னால் ஒரு லாரி. அதற்கும் பஷீரின் காடிக்கும் நடுவில், சைக்கிளைப் பிடித்தபடி ஒரு பெரியவர் நின்றார். அம்பிகைபாகன் என்று பெயர். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

பஷீர் இஞ்சினை அணைத்துக் கியரில் போட்டான். ஃபெரி ஆள் கை காட்டியதும் ஹேண்ட் பிரேக்கையும் பேருக்குக் கொஞ்சம் இழுத்து வைத்தான். அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பாதிக் கடலில் ஹாஜரா சிணுங்கினாள்.

"அத்தா, வேர்க்குது!"

ஏர்கானுக்காக ஃப்ரீ கியருக்கு மாற்றி இஞ்சினை ஸ்டார்ட் செய்தான். தன் கால் பிரேக்கில் இருக்கிறவரை பயமில்லை என்று நினைத்தான். ஜெட்டி நெருங்கும் நேரம், பக்கத்துக் காடியிலிருந்து ஓர் இளைஞன் தலையை நீட்டினான்.

"பிரதர், பின்னாலயும் டிஸ்க் போட்டிருக்கீங்களா? எங்க செஞ்சீங்க?"

அவ்வளவுதான். பஷீருக்குக் காலும் மறந்தது, கியரும் மறந்தது. கதவைத் திறந்து இறங்கிப் பின்சக்கரத்தருகே குந்தினான். விரல் நீட்டி விளக்கிக்கொண்டிருந்தபோதே ஃபெரி ஜெட்டியில் மோதி ஒரு குலுக்குக் குலுக்கியது. அவன் விரலுக்கு நேராக டிஸ்க் மெல்லச் சுழலத் தொடங்கியது. அப்போதும் அது பளபளத்தது.

பக்கத்து சீட்டிலிருந்த சலேஹா ஹேண்ட் பிரேக்கை ஒரு கையால் இழுத்தாள். பிறகு இரண்டு கையாலும் இழுத்தாள். அது வெறுமனே உச்சி வரை வந்து முட்டியது; காடி நிற்கவில்லை. முன்னால் சைக்கிள் நசுங்குகிற சத்தமும், அதோடு ஒரு மனிதக் குரலும் கேட்டன.

காடியைப் பின்னால் தள்ளி அம்பிகைபாகனை எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. "பொம்பளைய உள்ள வச்சுட்டு இறங்கினா இப்படித்தான்," என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான்.

ஆஸ்பத்திரியில், எப்படி நடந்தது என்று போலீஸ்காரர் கேட்டபோது சலேஹாதான் முந்திக்கொண்டாள். "என் தப்புதான் சார். இழுத்தேன், சரியா இழுக்கத் தெரியல." பிறகு ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரைப் பார்த்து அழுதாள். அவரோ வலியிலும், "அழாதேங்கோ பிள்ளை, நீங்கள் வேணுமெண்டா செய்தனீங்கள்?" என்றார்.

பஷீர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பழி அவளோடு போய்விடும். அப்படி ஒரு நினைப்பு அவனுக்கு வரத்தான் செய்தது. அப்போது சலேஹா கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். இரண்டு உள்ளங்கையிலும், ஹேண்ட் பிரேக்கை இழுத்த இடத்தில், சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது.

பஷீர் போலீஸ்காரர் முன்னால் போய் நின்றான். "சார், அவ தப்பில்ல," என்றான். "அவ இழுத்தா. இழுத்தாலும் பிடிக்க அங்க கேபிளே இல்ல. மாட்டாதது எனக்குத் தெரியும். பார்க்கிறவங்க கண்ணுக்காகப் பிரேக் மாத்தினேன் சார், உள்ள இருக்கிறவங்க உசுரை நினைக்கல. முன்னால நிக்கிறவர் உசுரையும் நினைக்கல."

அம்பிகைபாகனின் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். சலேஹா தன் கைகளைப் பார்த்தாள், பிறகு பஷீர் பக்கம் திரும்பினாள். அவள் கத்தியிருந்தால் பஷீர் தாங்கியிருப்பான்.

"பளபளப்பை ஊருக்கெல்லாம் காட்டினீங்க, குறையை எங்கிட்ட மட்டும் மறைச்சீங்க," என்றாள் அவள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதை இழுத்துக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்ங்க. ஹாரனை அடிச்சிருப்பேன். அவரு விலகியிருப்பாரு."