நெஞ்செலும்புச் சாறு: நான்காம் வரைவு

1

இந்தக் கதை ஒரு சமையல் குறிப்பிலிருந்து பிறந்தது. கைக்குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுக்கும் எலும்புச் சாறு வைப்பது எப்படி என்று ஒரு மகளிர் இதழ் என்னிடம் அரைப் பக்கம் கேட்டது. கொடுத்தேன். வெள்ளாட்டு நெஞ்செலும்பு கால் கிலோ, தட்டிய சின்ன வெங்காயம் நான்கு, கொஞ்சம் சீரகம், ஒரு சிட்டிகை மஞ்சள். உப்பு வேண்டாம். குக்கரில் ஏழெட்டு விசில். வடிகட்டி ஆறவிட்டு, மேலே கட்டும் கொழுப்பை எடுத்துவிட்டு, குழைந்த சோற்றில் பிசைந்து ஊட்டலாம். தலைப்பு: 'எங்கள் வீட்டு முறை'.

எங்கள் வீட்டு முறை இல்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் மாரியாத்தாளின் முறை. (சொல்லிவிட்டேன். இத்தோடு கதையை முடித்துக்கொள்ள ஆசைதான். ஆனால் இது வெட்கத்தில் சின்னது. பெரியது பின்னால் வருகிறது.)

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"மாரியாத்தா அக்கா கொண்டுவந்த சாற்றை மாமியார் நாச்சியம்மாள் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தபோது, நான் பதறிப்போய்—"

அங்கேயே பேனாவை வைத்துவிட்டேன். ஒரே வாக்கியத்தில் மூன்று பொய். என்னைவிட இருபது வயது மூத்தவரை நான் ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை; பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். (இந்தக் கதையில் 'அவர்' என்று எழுதுகிறேனே, நேரில் 'வா, போ'தான்.) மாமியார் அன்று கொடுமுடியில் இருந்தார். நான் பதறவும் இல்லை. கவிழ்த்தது நான்.

மாமியார் கதைக்கு வசதியான ஆள். எந்தப் பழியையும் அவர் தலையில் போட்டுவிடலாம், வாசகர்கள் நம்பிவிடுவார்கள்.*

* நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

3

நடந்தது இதுதான்.

எங்கள் வீடு கணபதி என்னும் பகுதியில். கணவர் தனபாலுக்குப் பக்கத்துத் தெருவில் லேத் பட்டறை. மகள் லோகப்பிரியாவுக்கு அப்போது ஏழாம் மாதம். எதை ஊட்டினாலும் துப்பினாள். எடை ஏறவே இல்லை. டாக்டர் எலும்புச் சாறு கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நான் வைத்தது இரண்டு முறை தீய்ந்தது. மூன்றாம் முறை கவிச்சி தாங்கவில்லை. அடுக்களையில் நின்று அழுதேன்.

மாரியாத்தாள் பாத்திரம் தேய்த்தபடியே சொன்னார்: "அட அழுவாதீங்க அம்மணி. நாளைக்கு நான் வெச்சுக் கொண்டாரனுங்க. எம்பட புள்ளைக மூணும் அதக் குடிச்சுத்தானுங்க எந்திரிச்சு நின்னுதுக."

இங்கேயே, எங்கள் அடுப்பிலேயே வைத்துத் தரச் சொல்லியிருக்கலாம். தோன்றவே இல்லை. நான்கு வருடமாக அவர் எங்கள் அடுப்பைத் துடைத்திருக்கிறார், பற்றவைத்ததில்லை. கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் துணி சுற்றிய ஒரு தூக்குப்போசியோடு வந்தார். "உப்புப் போடலீங்க. ஆறுனதும் மேல கட்டற கொழுப்ப எடுத்துப்போட்டுக் குடுங்க."

அவர் வேலையை முடித்துப் போனதும் மூடியைத் திறந்தேன். சீரக மணம். கவிச்சியே இல்லை. ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு மகளிடம் போனேன். பசியாலோ மணத்தாலோ, எதற்கும் திறக்காத வாயைத் திறந்தாள்.

நான் கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

(இரண்டாம் வரைவில் இந்த இடத்தில் 'சுகாதாரம்' என்ற சொல் இருந்தது. எந்தத் தண்ணீரோ, எந்தச் சட்டியோ என்று ஒரு தாயின் கவலையாக ஒரு பத்தியே எழுதியிருந்தேன். பொய். மகளின் பால் பாட்டிலைத் தினமும் தேய்ப்பது அதே கைதான். அது சாதி. அந்தச் சொல்லை எழுத எனக்கு மூன்று வரைவு தேவைப்பட்டது.)

குழந்தை வாயைத் திறந்தபடியே இருந்தாள். நான் போசியைத் தொட்டியில் கவிழ்த்தேன்.

4

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. போசியைக் கழுவித் துடைத்து, ஒரு கை சர்க்கரை போட்டு வைத்தேன். முறை தெரிந்த குடும்பம் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். எங்கள் தொட்டியைக் கழுவுவதும் மாரியாத்தாள்தான்.

மறுநாள் காலை தொட்டியின் சல்லடையில் கொழுப்பு வெள்ளையாக உறைந்து அடைத்திருந்தது. அதில் இரண்டு சீரகம். அவர் குழாயைத் திறக்காமல் ஒரு சீரகத்தை விரலால் எடுத்துப் பார்த்தார். நான் அடுக்களை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மணி, துளி சுடுதண்ணி வெச்சுக் குடுங்க. பச்சத் தண்ணிக்குக் கொழுப்புப் போவாதுங்க."

அடுப்பு அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான்தான் போய்ப் பற்றவைத்தேன். சுடுதண்ணீரை ஊற்றித் தேய்த்தார். முதுகைக் காட்டியபடியே கேட்டார்: "கண்ணு குடிச்சுதுங்களா?"

"முழுசும் குடிச்சுட்டா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். எனக்கு மறைக்கச் சோறுகூட இல்லை.

"நல்லதுங்க" என்றார். பிறகு, நான் கேட்காமலே, எலும்பு வாங்குவதிலிருந்து வடிகட்டுவதுவரை நிதானமாகச் சொன்னார். "இனி நீங்களே வெச்சுக்குங்க அம்மணி. ஒண்ணும் கஷ்டமில்லீங்க."

நானே வைத்தேன். மகள் குடித்தாள். எடை ஏறியது. குறிப்பு இதழில் வந்தது.

5

முடிவு அ: நான் உண்மையைச் சொல்லி அழுகிறேன். மாரியாத்தாள் என் கையைப் பிடித்து, "வுடுங்க அம்மணி" என்கி— (இந்த வரியை அடித்துவிட்டேன். மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்ளக் கூடாது.)

முடிவு ஆ: மாரியாத்தாள் சர்க்கரையைச் சமையல் திண்டில் கொட்டிவிட்டு வேலையை விட்டுப் போகிறார். (நடக்கவில்லை. இன்றும் வருகிறார். போயிருந்தால் கதை நன்றாக முடிந்திருக்குமே என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன்.)

6

இதை எழுதும்போது அவர் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க அம்மணி, ரெண்டு நாளா எழுதீட்டே இருக்கறீங்க?"

"நீ அன்னிக்கு வெச்சுக் கொண்டாந்தயே சாறு, அதப் பத்தி ஒரு கதை."

குழாய்ச் சத்தம் நின்றது.

"புள்ள அதக் குடிச்சுதுன்னு எழுதிப்போட்டீங்களா?"

உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் எங்கள் தொட்டியைக் கழுவப்போவதில்லை. அவர் இன்னும் குழாயைத் திறக்கவில்லை. அடுத்த வரி அவருக்குச் சேர வேண்டியது. அதைத் தொடங்கி வைக்கிறேன், என்னால் முடியாமல் போனால் நீங்கள் முடித்துவையுங்கள்:

"மாரியாத்தா, அன்னிக்குப் புள்ள வாயத் தொறந்தா. நான்தான்—"