காளிக்கு ஒரு வாக்கு, கச்சேரிக்கு ஒரு வாக்கு

…கையை எங்கே வைத்துக்கொள்வது, மடியிலா, பெஞ்சு மேலா, கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் திமிர் என்பார்கள், தொங்கவிட்டால் திருட்டு முழி வந்துவிடும், சட்டை வேறு கக்கத்தில் பிடிக்கிறது, பண்ணை வீட்டுப் பெரிய பையனுடைய பழைய சட்டை, இஸ்திரி போட்டுக் கொடுத்தார்கள், இதைப் போட்டால்தான் நிலக்காரன் மாதிரி இருப்பானாம், காத்தானுக்குச் சிரிப்பு வந்தது, விழுங்கிக்கொண்டான். மன்னார்குடி தாலுகா கச்சேரித் தாழ்வாரத்தில் இந்தப் பெஞ்சைக் காட்டியவர் பண்ணைக் கணக்குப்பிள்ளை அமிர்தலிங்கம்தான். "உக்கார்ரா… இல்ல, உக்காரு காத்தான், இன்னிக்கி நீ பட்டாதாரரு, நிக்கப்படாது." பிறந்ததிலிருந்து தள்ளி நில் என்று சொன்ன அதே வாய்… உள்ளே உச்சவரம்பு விசாரணை நடக்கிறது. ஒரு குடும்பம் இவ்வளவுக்கு மேல் நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கழக ஆட்சி சட்டம் போட்டாலும் போட்டது, பண்ணையார் மிச்சத்தையெல்லாம் வேண்டியவர்கள் பேருக்கு மாற்றினார், வாய்க்கால் ஓரத்து ஒன்பது மா நிலம் காத்தான் பேருக்கு வந்தது, வந்தது என்றால் பேர்தான் வந்தது, நெல் எப்போதும்போல பண்ணைக்குத்தான் போயிற்று. இன்றைக்கு அதிகாரி கூப்பிட்டு, இது உன் நிலமா என்று கேட்பார். ஆமாம் ஐயா, என் நிலம்தான் என்று சொல்ல வேண்டும். சேறு மிதிக்கிற வேலையா, நாற்று சுமக்கிற வேலையா, ஒரே ஒரு வார்த்தை, அதுவும் சும்மா காற்றில் போகிற வார்த்தை.

அந்த வார்த்தைதான் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. பத்திரம் பதிந்த அன்றைக்குச் சாயங்காலமே கணக்குப்பிள்ளை அவனைக் காளி கோயிலில் சத்தியம் செய்ய வைத்தார், இவர்கள் தெருவுக்குள் வராமல் தூரத்தில் புளியமரத்தடியில் குடையோடு நின்றுகொண்டு சொல்லிக் கொடுத்தார், காத்தான் உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி, இந்த நிலத்தை என்னுதுன்னு எந்தக் காலத்துலயும் எவன்கிட்டயும் சொல்ல மாட்டேன் என்று சொல்லி, கையை மூடி அணைத்தான். கொப்புளம் ஆற நாளாயிற்று. எவன்கிட்டயும் என்பதைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னதும் அமிர்தலிங்கம்தான், கெட்டிக்காரர், கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்களே, கெட்டிக்காரன் சத்தியத்துக்கு எத்தனை நாளோ… அதிகாரி மட்டும் எவன் இல்லையா? காலையில் காரில் வரும்போது கேட்டே விட்டான். "ஏங்க, சொல்ல மாட்டேன்னு காளிகிட்ட சூடம் அணைச்சுட்டு, இப்ப எப்புடிங்க…" அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "அட கூறு கெட்டவனே, அது சாமிகிட்ட சொன்னது, இது சர்க்கார்கிட்ட சொல்றது. காளி என்ன கச்சேரிக்கா வரப்போறா?" ஏன் வரமாட்டாள், நடவுக்கு வருகிறவள், அறுப்புக்கு வருகிறவள், அம்மை போட்டால் வீட்டுக்குள்ளேயே வந்து படுத்துக்கொள்கிறவள், மன்னார்குடிக்கு வரத் தெரியாதா அவளுக்கு?

வீட்டுக்காரி தங்கம்மாள் நேற்று அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "என்னுதுன்னு சொல்லு. சொல்லிட்டு வந்து நாமளே ஏர் பூட்டுவோம். வாயால சொன்னத கையால எடுத்துக்கிட்டா அப்புறம் அது எப்புடிப் பொய்யாவும்?" பளாரென்று அறையலாம் போலிருந்தது. அறைந்தால் அவளை அறைந்ததாகவா இருக்கும்… ஆசை இல்லையா என்ன, ஆசைதான், வயிறு எரிகிற ஆசை. ஆடியில் வாய்க்காலில் புதுத்தண்ணி வந்து முதல் மடை திறக்கும்போது அந்த வயல் குடிக்கிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டு வரப்பில் நின்றபோது, பட்டா என் பேரில்தானே என்று ஒரு நொடி, ஒரே நொடி நினைத்தான், நினைத்ததற்கே அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நம்பி எழுதினவர் வீட்டில் கை வைக்கிறதா? மகளுக்கு ஜன்னி கண்டபோது தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் காரை அனுப்பியவர் பண்ணையார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை. சரிதான், உப்பு அவர்களுடையது… சோறு? அந்தச் சோற்றுக்கு நெல் விளைவித்தது யார்? சேச்சே, இது நம் யோசனை இல்லை, துரைராசு பேச்சு இது, தொற்றிக்கொண்டது.

துரைராசு வெளியே கேட்டுக்கு அருகில்தான் நிற்கிறான், விவசாயக் கூலிச் சங்கத்து ஆள், கையில் சுருட்டிய சிவப்புக் கொடி. வழக்கமாக மாமா மாமா என்று வந்து ஒட்டிக்கொள்கிறவன் இன்றைக்குச் சட்டையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். முந்தாநாள் வந்து சொன்னான். "மாமா, உள்ளத சொல்லுங்க, பண்ணை நெலம்னு சொல்லுங்க. உபரின்னு எடுத்து நம்ம தெருவுக்குத்தான் பிரிச்சுக் குடுப்பாங்க. உங்களுக்குச் சத்தியமும் கெடாது." சத்தியம் கெடாது, ஆனால் நம்பினவர் கழுத்தில் கத்தி விழும். என்னுது என்று சொல்லிவிட்டு நெல்லைப் பண்ணைக்கு அளந்தால் காளிக்குத் துரோகம், தெருவுக்குத் துரோகம். சொல்லிவிட்டு நிலத்தை வைத்துக்கொண்டால் பண்ணைக்கும் துரோகம், காளிக்கும் துரோகம். எந்தப் பக்கம் மடையைத் திறந்தாலும் யாரோ ஒருவர் வயல் மூழ்குகிறது. பொய்யே சொல்லாதவன் என்று பேர் வாங்கியவனுக்கு இப்படி ஒரு பொறியா? எலிக்கு வைக்கிற பொறியில் கருவாடாவது வைப்பார்கள்… எழுந்து ஓடிவிடலாமா? ஓடினால் எங்கே ஓடுவது, பூதலூரில் மச்சான் வீட்டுக்கா, அங்கே கேட்டால் என்ன சொல்வது, உண்மை பேசப் பயந்து வந்தேன் என்றா?

வாசற்படியில் கச்சேரிச் சேவகனோடு அமிர்தலிங்கம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது, காத்தானுக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசினார். "மத்தவனுங்க பேருல எழுதத்தான் யோசன பண்ணோம். இவனுக்கு யோசிக்கவே இல்ல. பட்டினி கெடந்தாலும் ஒரு நெல்லு எடுத்து வாயில போட மாட்டான், அப்பன்காலத்துலேருந்து அப்புடி. அதப் பாத்துத்தானே ஐயா இவன் பேருல எழுதுனாரு." காத்தானுக்கு நெஞ்சு நிமிர்ந்தது, இப்படி யாராவது சொன்னால் எப்போதும் நிமிரும், கூலி குறைந்தபோதும் நிமிர்ந்தது, சங்கத்தில் சேராதே என்றபோதும் நிமிர்ந்தது… பாதியில் நின்றுவிட்டது. அதப் பாத்துத்தானே. அப்படியென்றால் மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல என் நாணயத்தைப் பார்த்தார்களா? திருடனாக இருந்திருந்தால் என் பேரில் எழுதியிருக்கவே மாட்டார்கள். குடிகாரனாக இருந்திருந்தால் இன்றைக்கு வயலில் நிம்மதியாகக் களை எடுத்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் இல்லாதவனுக்கு இது ஒன்றாவது இருக்கிறது என்று அப்பன் சொன்னதை நம்பி, கையில் சுட்டுக்கொண்டு, பசியில் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வைத்தது… அதற்கும் பேருக்கு மட்டும்தான் நான் சொந்தக்காரனா?

"காத்தான்! சின்னையன் மவன் காத்தான்!"

எழுந்தான். கணக்குப்பிள்ளை அவன் தோளைத் தொட்டார், இதுவரை தொட்டதில்லை. "பயப்படாம போ. எப்பவும்போல உள்ளத உள்ளபடி சொல்லு." உள்ளே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அதிகாரி தலை நிமிராமல் கேட்டார். "வாய்க்கால் ஓரத்து ஒம்பது மா. உன்னுதா?" உண்மை சொல்வதற்கு அவன் ஒருநாளும் யோசித்தது கிடையாது. காளியும் தங்கம்மாளும் துரைராசுவும் பண்ணையாரும் ஆளுக்கொரு பதிலோடு நின்றார்கள், நாலும் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. "கேக்குதாய்யா? சொல்லு" என்று அதிகாரி நிமிர்ந்தார். எதைச் சொன்னாலும் சொல்லிவிடலாம், அதைச் சொல்லப்போகிற வாய் தன்னுடையதுதானா என்று மட்டும் முதலில் தெரிந்துவிட்டால்…