தையல்காரரின் புருவங்கள்

தையல்காரர் வாயில் பாதி நாள் குண்டூசிதான் இருக்கும். அளவு பார்க்க வந்தவர் "கை நீளம் சரியா?" என்று கேட்டால் புருவத்தை ஏற்றுவார், சரி என்று அர்த்தம். சுளித்தால், அசையாதே. அவருடைய மூன்று வயது மகள் வாண்டு, காது கேளாமல் பிறந்தவள், முதலில் கற்ற மொழியே அதுதான்.

அறுவை சிகிச்சை முடிந்து, காதுக்குப் பின்னால், ஒலி கேட்க உதவும் காக்ளியர் கருவி மாட்டி ஆறு மாதம் ஆகிறது. வீட்டில் தினமும் பயிற்சி. அம்மா பின்னால் நின்று பாத்திர மூடியைத் தட்டுவாள்; சத்தம் கேட்டதும் வாண்டு டப்பாவில் ஒரு பொத்தான் போட வேண்டும். எதிரே அப்பா. நோட்டில் தினமும் பத்துக்குப் பத்து.

பயிற்சி நிலையத்தில் டீச்சர் பின்னாலிருந்து சிறு மேளத்தைத் தட்டியபோதும் அப்படியே போட்டாள். டீச்சர் மட்டும் பிள்ளையை விட்டுவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், சத்தம் வந்ததும் உங்க புருவம் ஏறுது. அதைப் பாத்துத்தான் போடறாளோன்னு சந்தேகமா இருக்கு."

அம்மா கையிலிருந்த நோட்டை மூடினாள். "அப்போ ஆறு மாசமா கேக்கவே இல்லையா டீச்சர்?"

"இப்பத் தெரிஞ்சிடும். சார், நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உக்காருங்க."

"வாயை ஊசி அடைச்சாலும் இந்தப் புருவம் அடங்காதே!" என்றாள் அம்மா.

மேளம் ஒலித்தது. பொத்தான் விழவில்லை. இன்னொரு தட்டு. விழவில்லை. குட்டிப் பாதங்கள்தான் ஓடி வந்தன. வாண்டு அப்பாவின் தாடையைப் பிடித்துத் திருப்பப் பார்த்தாள். அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு ஊசிமேல் உட்கார்ந்தவர்போல் இருந்தார்.

டீச்சர் அவளை அழைத்துப் போய், சத்தம் கேட்கும்வரை காத்திருக்கப் பொத்தானைக் கன்னத்தருகே பிடிக்க வைத்தார்.

டம்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு டப்பாவில், டிங்.

தற்செயலாக இருக்கும் என்று அப்பா மனசை அடக்கினார். டம். உடனே டிங். அதன்பின் டீச்சர் தட்டவே இல்லை. பொத்தானும் விழவே இல்லை. "என்னாச்சு?" என்ற கேள்வி அப்பாவின் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. கடைசியில் டீச்சர் மெல்ல "ஊ" என்றார். அப்பாவுக்கே பாதிதான் கேட்டது.

டிங்.

"ஏங்க, கேட்டுச்சா?" என்றாள் அம்மா.

"கேட்டுச்சு. எங்க ரெண்டு பேருக்கும்." பிறகு, "திரும்பலாமா டீச்சர்?"

"இன்னும் நாலு பொத்தான் இருக்கு சார். அப்படியே இருங்க."

பார்க்க ஆளில்லாத அந்தச் சுவருக்கு முன்னால், தையல்காரர் தம் இரண்டு புருவங்களையும் ஆசைதீர ஏற்றிக்கொண்டார்.