பதினைந்து விநாடி சும்மா

உலகத்தில் சும்மா இருந்து சரியான பொருள் ஒன்றுகூடக் கிடையாது. இதை நான் முழுப் பொறுப்புடன் சொல்கிறேன். டயர் பஞ்சரானால் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஒழுகும் குழாயை அன்போடு பார்த்துக்கொண்டே இருந்தால் அது வெட்கப்பட்டு நின்றுவிடுமா? மனித இனத்துக்குக் கை என்று ஒன்று கொடுக்கப்பட்டதே கை வைப்பதற்காகத்தான். இந்தக் கொள்கையை நான் வகுத்தபோது எனக்கு வயது பத்தொன்பது. இப்போது இருபது. கொள்கை இன்னும் முதிர்ந்திருக்கிறது.

என் பெயர் முகுந்தன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி டிப்ளோமா இரண்டாம் ஆண்டு. ஓய்வு நேரத்தில் கல்லூரி வாட்ஸாப் குழுவில் நையாண்டிக் கட்டுரை எழுதுகிறேன். கடைசிக் கட்டுரையை நாற்பத்தொரு பேர் பாராட்டினார்கள். பதினேழு பேர் படித்திருந்தார்கள்.

போன மாதம் அம்மா கிள்ளானில் லத்தீஃபா ஆன்டியின் துணிக்கடைக்குச் சேலை எடுக்கப் போனவர், பேச்சுவாக்கில் “எம் பையன் கம்ப்யூட்டர் படிக்கிறான்” என்று சொல்லிவிட்டு வந்தார். அதன் விளைவாக ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, வியர்த்து ஒழுக, அந்தக் கடையின் மாடியில் நின்றுகொண்டிருந்தேன்.

மாடி முழுக்கச் சேலைக் கட்டுகள். நடுவில் ஒரு மேசை, ஒரு பழைய டெஸ்க்டாப் கணினி, பூஜைப் படம் அளவில் ஒரு மானிட்டர். பக்கத்தில் சுவரில் சாய்த்து ஐம்பது அங்குல டிவி. அதை ஆன்டி வீட்டு ஹாலிலிருந்து கழற்றி வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். அவருடைய கணவர் ஹைதர் அங்கிள் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதாகத் தகவல்.

“மூணு மணிக்குள்ள இத அதுல தெரிய வைக்கணும்பா,” என்றார் ஆன்டி, முதலில் கணினியையும் பிறகு டிவியையும் காட்டி. “மூணுக்கு ஆரம்பிச்சிருவாரு. யாருக்கும் நிக்க மாட்டாரு.”

அவர் என்பது திருச்செல்வம். சேலம் பக்கம் இளம்பிள்ளையில் தறி வைத்திருப்பவர். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னால் வீடியோவில் வந்து புதுச் சேலைகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுவார். கிள்ளான், ஈப்போ, பினாங்கு என்று கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். ஒரு நிறம் ஒரு கடைக்குத்தான். “எனக்கு” என்று முதலில் யார் குரல் கொடுக்கிறாரோ அவருக்கு. குரல் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

“போன வருஷம் அரக்குன்னு நெனச்சு எனக்குன்னு கத்துனேன்,” ஆன்டி மூலையில் இருந்த ஒரு பெரிய கட்டின் உறையை விலக்கினார். “பொட்டிய தொறந்தா கோப்பி-ஓ. பால் ஒரு சொட்டு ஊத்தல. நல்ல நாளு அதுவுமா எந்தப் பொம்பள கோப்பி கலர்ல கட்டுவா, சொல்லு? எல்லாம் இந்தத் துக்கடா மானிட்டர் பண்ண வேலை. இந்த வருஷமும் கலர் தப்பா போச்சுன்னா எங்க வாடிக்கைங்க அப்படியே ரோட்டத் தாண்டி எதுத்த கடைக்குப் போயிருவாங்க லா.”

“கவலைப்படாதீங்க ஆன்டி. சும்மா செஞ்சு தரேன்.”

“சும்மாவா?” என்று பின்னால் ஒரு சிரிப்பு. ஹாசிம் அண்ணன். ஆன்டியின் தம்பி, ஐம்பது வயது, கையைக் கட்டிக்கொண்டு சேலைக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“இதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் மக்கர் பண்ணா யாருண்ணே பாப்பாங்க?”

“நான்தான்.”

“என்ன பண்ணுவீங்க?”

“சும்மா இருப்பேன்.”

நான் காத்திருந்தேன். வாக்கியம் அவ்வளவுதான் போலிருந்தது. பிறகு அவரே இரக்கப்பட்டு விளக்கினார். “அது தடுமாறும்போது கை வைக்கக் கூடாது தம்பி. கொஞ்சம் விட்டா அதுவா வந்துரும்.”

உடனே குழுவில் தட்டினேன்: ‘கிள்ளானில் புதிய மருத்துவம், பெயர் ஹாசிம் முறை. டாக்டர் நோயாளியைத் தொட மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்காருவார். நோய்க்கே போரடித்துப் போய்விடும்.’ ஒரே நிமிடத்தில் ஒன்பது சிரிப்புகள். திருப்தியுடன் போனைப் பையில் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

கணினியின் பின்னால் ஒரே ஒரு எச்டிஎம்ஐ துளை. மானிட்டரைக் கழற்றி டிவியின் கேபிளை அதில் சொருகினேன். டிவி, ‘சிக்னல் இல்லை’ என்றது. ரிமோட்டில் சோர்ஸ் பொத்தானை அழுத்தினேன். எச்டிஎம்ஐ ஒன்று. இல்லை. இரண்டு. இல்லை. மூன்று. ஆண்டெனா. மறுபடி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு விநாடி கொடுத்தேன். சரக்கு இருந்தால் ஒரு விநாடியில் தெரிந்துவிட வேண்டும். ஆறு சுற்று வந்தேன். கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். கணினியை அணைத்துப் போட்டேன். டிவியை அணைத்துப் போட்டேன். இரண்டையும் சேர்த்து அணைத்து, ஒன்றுக்குத் தெரியாமல் இன்னொன்றைப் போட்டேன்.

“ஒண்ணுல கொஞ்சம் நில்லு தம்பி,” என்றார் ஹாசிம் அண்ணன். “அது யோசிக்குது.”

“டிவி யோசிக்காதுண்ணே.”

“நீ எங்க அத யோசிக்க விட்ட?”

அப்போது போன் அடித்தது. அம்மா. ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு எடுத்தேன். “சாப்டியா?” என்று கேட்டார். “சாப்டேம்மா” என்று பொய் சொல்லி நிமிர்ந்தபோது டிவியில் படம் இருந்தது.

அம்மாவின் அழைப்புக்கும் படத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நான் செய்த பதினெட்டு காரியங்களில் ஏதோ ஒன்று பலித்திருக்கிறது. எது என்று ஆராய அப்போது நேரமில்லை.

“வந்துருச்சு! போதும்பா, அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் ஆன்டி. மணி இரண்டு முப்பத்தெட்டு.

இங்கே நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் திரையில் எழுத்தெல்லாம் தடிதடியாக, மூன்று ஐகான் போட்டாலே இடம் தீர்ந்துவிடும் போல இருந்தது. டிவியின் ஓரத்தில் தங்க நிறத்தில் ‘4K’ என்று ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தடி எழுத்தோடு வாழ என்னால் முடியாது.

“இது போதாது ஆன்டி. படம்னா புள்ளி. புள்ளி கம்மியா இருந்தா ஜரிகையும் ஒண்ணுதான், சணலும் ஒண்ணுதான்.”

ஆன்டியின் முகம் மாறியது. கண் மூலைக் கட்டின் பக்கம் போனது. “அப்ப கூட்டுப்பா. சீக்கிரம் கூட்டு.”

அமைப்புகளுக்குப் போய் ரெசல்யூஷன் பட்டியலில் ஆக உயரத்தில் இருந்ததை அழுத்தினேன். ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்ப்பது போலிருந்தது. அதற்குள் திரை முழுக்க இருட்டு.

இருட்டைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. மூன்று எண்ணுவதற்குள் கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். படம் வந்தது, பழைய தடி எழுத்துடன். மறுபடி உச்ச அளவு. இருட்டு. பிடுங்கு, சொருகு. தடி எழுத்து. மறுபடி உச்ச அளவு. இந்த முறை அழுத்தத்தை மாற்றி, மவுஸை மென்மையாகக் கிளிக் செய்து பார்த்தேன். அறிவியல் ரீதியாக அதற்கு ஆதாரம் இல்லை. இருட்டு. பிடுங்கு, சொருகு.

“முன்ன இருந்தது நல்லாத்தானப்பா இருந்துச்சு?” ஆன்டி என் தோளுக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்திருந்தார். “அத மட்டும் குடுத்துட்டு நீ போய்ச் சாப்புடு.”

“ஒரே நிமிஷம் ஆன்டி.”

“இந்த நிமிஷத்தத்தான் பத்து நிமிஷமா சொல்ற.”

கால் ஆடியது. என் கால்தான், மேசையும் சேர்ந்து ஆடியதால் எல்லாருக்கும் தெரிந்தது. ஹாசிம் அண்ணன் எழுந்து, கீழே வாடிக்கையாளர் கூப்பிடுகிறார் என்று இறங்கிப் போனார். மணி இரண்டு ஐம்பத்தாறு. நான்காவது முறையாக உச்ச அளவை அழுத்தினேன். இருட்டு. கேபிளை நோக்கிக் கையை நீட்டினேன்.

பட்டென்று ஓர் அடி விழுந்தது, புறங்கையில்.

“தொட்ட... தொலைச்சிருவேன்.” ஆன்டியின் குரல் உடைந்திருந்தது. கைப்பையைத் துழாவித் தன் போனை எடுத்தார். “நான் போன்லயே பாத்துக்கறேன். அரக்கோ, கோப்பியோ, என் தலையெழுத்து.” மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அந்தத் திரை ஒரு பிஸ்கட் அளவு இருந்தது. ஐம்பது அங்குலத்தை வேனில் ஏற்றி வந்தவர் பிஸ்கட்டில் நிறம் தேடிக்கொண்டிருந்தார்.

கீழேயிருந்து சத்தம் வந்தது: “லாத்தா! அந்தத் தம்பிய அனுப்பு. சேலை முனையப் புடிக்க ஆள் இல்ல!” அக்காவை அவர் லாத்தா என்றுதான் கூப்பிடுவார்.

“போ,” என்றார் ஆன்டி, என்னைப் பார்க்காமல். “அதையாவது ஒழுங்கா புடி.”

இறங்கினேன். வாங்க வந்த ஓர் அக்கா ஐந்தரை மீட்டர் சேலையையும் முழுசாக விரித்து, கறை இருக்கிறதா, இழை விட்டிருக்கிறதா என்று பார்த்தால்தான் எடுப்பேன் என்று நின்றார். ஹாசிம் அண்ணன் ஒரு முனை. நான் மறு முனை. அக்கா நடுவில் முந்தானையிலிருந்து ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக நகர்ந்தார்.

“ஆடாம நில்லு தம்பி. துணி அலையுது, அக்காவுக்குத் தெரியல.”

நின்றேன். என் வாழ்க்கையில் நான் ஆடாமல் நின்ற ஒரே நேரம் அது. மூக்கில் அரித்தது. சொறிய முடியவில்லை. செருப்புக்குள் கால் விரல்களை மட்டும் ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தேன். அக்கா கடைசி முனை வரை வந்தார். பிறகு மறுபடி முந்தானைக்குப் போனார்.

“வந்துருச்சு!” மாடியிலிருந்து கூச்சல். “ஹாசிம்! டிவில வந்துருச்சு!”

ஹாசிம் அண்ணன் சேலைக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்தார். “அதுவாவா?”

“இல்லண்ணே. நான் போட்ட செட்டிங்தான். ஏற கொஞ்சம் நேரம் எடுத்திருக்கு.”

“ஓ,” என்றார். அந்த ஒரு எழுத்தை அவர் தேவைக்கு மேல் நீட்டினார்.

மாடிக்கு ஓடினேன். திரையில் அதே தடி எழுத்து, அதே பழைய அளவு. அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டாவது செமஸ்டர், மூன்றாம் வாரம்: புதிய அளவைத் திரையால் காட்ட முடியாமல் போனால், யாரும் எதையும் தொடாமல் விட்டால், பதினைந்து விநாடியில் கணினி தானாகவே பழைய அளவுக்குத் திரும்பிவிடும். இருட்டுக்குள் இருந்தபடி அந்தச் சின்னப் பெட்டி ஒவ்வொரு முறையும் பதினைந்து, பதினான்கு, பதிமூன்று என்று எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் ஒருமுறைகூட அதைப் பன்னிரண்டைத் தாண்ட விடவில்லை. இந்த முறை படம் எப்போதோ வந்திருக்க வேண்டும்; ஆன்டி பிஸ்கட்டிலிருந்து கண்ணை எடுத்தது இப்போதுதான். கேபிளைத் திருப்பிப் பார்த்தேன். அரதப் பழசு. தங்க எழுத்து கேட்கும் அளவை அது சாகும்வரை கடத்தப் போவதில்லை. அந்த வாரம் வகுப்பில் நான் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன்.

“என்னப்பா பண்ண?” ஆன்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“கேபிள் பழசு ஆன்டி. பெரிய அளவு தாங்காது. அதான் இந்த அளவுக்கே கொண்டாந்துட்டேன்.”

‘கொண்டாந்துட்டேன்’ என்ற வினைச்சொல்லுக்கு எழுவாய் நான்தான் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மணி மூன்று.

திருச்செல்வம் ஒரு விநாடி தாமதிக்கவில்லை. அங்கே பன்னிரண்டரை, ஒன்றரைக்குச் சாப்பாடு. வெயில் விழும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வணக்கம்கூடப் பாதி சொல்லிவிட்டு மிட்டாய் ரோஸை விரித்தார். தடி எழுத்து டிவியில் அந்த ரோஸ் நாக்கில் இனித்தது. ஜரிகை ஜரிகையாகவே தெரிந்தது, சணலாகத் தெரியவில்லை. இதைப் பற்றி ஆன்டி ஒன்றும் கேட்கவில்லை, நானும் எடுத்துச் சொல்லவில்லை. மயில்கழுத்தைப் பினாங்கு விஜயன் என்பவர், சேலை மடிப்பு பிரியுமுன்பே “எனக்கு!” என்று பறித்தார். மாம்பழ மஞ்சள் ஈப்போவுக்குப் போனது. ஆன்டி எதற்கும் வாய் திறக்கவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு அரக்குக்காகக் காத்திருந்தார்.

“அடுத்து,” என்றார் திருச்செல்வம், “நீங்க எல்லாரும் கேட்ட அர—”

நின்றுவிட்டது. பாதி விரிந்த சேலை, பாதி திறந்த வாய். நிழலில் இருந்த பாதி மட்டும் திரையில் உறைந்திருந்தது. செம்மை போலவும் இருந்தது, காப்பி போலவும் இருந்தது.

“யா அல்லாஹ். இதே எடத்துலதான் போன வருஷமும்...” ஆன்டி எழுந்தார். “அரக்கா அது? ஏம்பா, அரக்கா? விஜயன் கத்திருவாரு. இப்பவே எனக்குன்னு சொல்லிரட்டா?”

“சொல்லாதீங்க ஆன்டி.”

“அப்ப நீ எதாச்சும் பண்ணு!”

மவுஸ் என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கேபிள் இரண்டு சாண். விரல்கள் தாமாகவே மேசையின் மேல் ஏறிவிட்டன. ஹாசிம் அண்ணன் எப்போதோ மேலே வந்து, கையைக் கட்டிக்கொண்டு அதே கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தார்.

விரல்களை மேசையிலிருந்து இறக்கினேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

“பண்றியாப்பா?”

“பண்றேன் ஆன்டி.”

பதினைந்து. பதினான்கு. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பதிமூன்று. மறுபடி அதிர்ந்தது. ஹாசிம் முறையில் குணமானவர்கள் எத்தனை பேர் என்று குழுவில் யாராவது கேட்டிருப்பார்கள். பதினொன்று. ஒன்பது. திருச்செல்வத்தின் வாய் மூடியது, திறந்தது. சேலை சரசரவென்று வெயிலுக்குள் விரிந்து வந்தது. சந்தேகமே இல்லை. அரக்கு.

“எனக்கு!” என்று ஆன்டி போட்ட கூச்சலில் கீழே கறை தேடிக்கொண்டிருந்த அக்கா “என்னாச்சு?” என்று கத்தினார்.

ஹாசிம் அண்ணன் எழுந்து என் பக்கம் வந்தார். கீழேயிருந்து கொண்டுவந்திருந்த தட்டில் ஒரு வடையை நீட்டினார்.

“சாப்புடு தம்பி.”

“அப்புறம்ணே,” என்றேன். இன்னும் பதினோரு சேலை பாக்கி இருந்தது. வடையை வாங்குவதற்கு ஒரு கையை வெளியே எடுக்க வேண்டும்.