ஓடக் கூடாத வண்டி

ஒன்பது வருஷமாக ஒரு மெக்கானிக்கின் காலைப் பிடித்து "எப்படியாவது ஓட வை" என்று கெஞ்சியவன், பத்தாவது வருஷம் அதே காலைப் பிடித்து "எப்படியாவது ஓடாமல் பார்த்துக்கொள்" என்று கெஞ்சினால் அவனைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? அவசரப்பட்டுத் திட்டிவிடாதீர்கள். அவன் நான்தான்.

என்னுடையது நாற்பத்திரண்டு வயதான ஸ்போர்ட்ஸ் கார். பச்சை நிறம், இரண்டே இருக்கை, மடக்கி வைக்கும் துணிக்கூரை. மடக்கினால் மடங்கும், விரித்தால் விரியாது. விரிந்தாலும் மழையை நிறுத்தாது, வடிகட்டித்தான் கொடுக்கும். எஞ்சினுக்கு இரண்டு கார்புரேட்டர். ஒரே சமையலறையில் மாமியாரும் மருமகளும் மாதிரி. மெக்கானிக் வந்து சமாதானம் செய்துவிட்டுப் போன நாலாம் நாள் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கை என்பதால் அதில் ஏறி உட்கார முடியாது, விழத்தான் முடியும். எழுந்து வெளியே வருவது தனிக் கலை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவர்கள் உண்டு. நான் அந்த ஓணானுக்கு வருஷா வருஷம் பாலிஷ் போட்டேன்.

ஒரு மழைக்காலம் தெருவில் நின்றால் போதும், அடித்தகடு பிஸ்கட் மாதிரி கரைந்துவிடும். அதனால் வீட்டின் ஷெட் அதற்கே. படுக்கையறைகள் இரண்டும் மாடியில். கீழே சமையலறை, கூடம், ஒரு பாத்ரூம், அதை ஒட்டி இந்த ஷெட். என் மானம் போனது இந்த இடத்தில்தான்.

என் மாமனார் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். மாமியார் போன பிறகு, லிஃப்ட் இல்லாத ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பார், ஆனால் படி இறங்க முடியாது. காலமெல்லாம் ஐம்பது பேரை ஏற்றி இறக்கியவரை இறக்க இப்போது நாலு பேர் வேண்டும்.

என் மனைவிக்கு நூலகத்தில் வேலை. காலை ஆறு மணிக்கு அப்பா வீட்டுக்குப் போய், மூன்று மாடி ஏறி, அவரைக் குளிக்க வைத்து, சமைத்து வைத்துவிட்டு நூலகத்துக்கு ஓடுவாள். சாயங்காலம் மறுபடி மூன்று மாடி. மணிக்கட்டில் நின்ற அவளுடைய வளையல் ஒரே மாதத்தில் முழங்கை வரைக்கும் ஏறியது. 

"ஷெட்ட அப்பாவுக்கு ரூமாக்கிடலாங்க," என்றாள் ஒரு நாள். இருபது வருஷ நூலகப் பழக்கம், எதையும் கிசுகிசுப்பாகத்தான் சொல்வாள். சண்டையைக்கூட.

"தாராளமா," என்றேன். நல்லவன் என்று பெயரெடுக்க ஒரு நொடி போதும்.

"வண்டிய எடுக்கணுமே."

"எடுத்துடலாம். பிரேக் வேலைக்காக நாலு சக்கரமும் கழட்டியிருக்கு. எஞ்சினும் பிரிச்சுக் கிடக்கு. மாட்டின உடனே வெளிய தள்ளிட வேண்டியதுதான்."

சொன்ன அன்றைக்கு அது சத்தியம். வண்டி நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல் சக்கரமில்லாமல் நின்றிருந்தது. அடுத்த வாரம்தான் சத்தியம் பொய்யாக மாறியது.

மெக்கானிக் பக்கத்துத் தெரு. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். ஒன்பது வருஷமாக அப்படிக் கேட்டுவிட்டு, இழவு வீட்டிலிருந்து வருகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அன்றைக்குச் சிரித்தார்.

"கேளுங்க சார். தூங்குற குழந்த மூச்சு விடுற மாதிரி இருக்கு."

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. ஓடுகிற வண்டி என்றால் ஷெட்டைக் காலி செய்தாக வேண்டும்.

"சக்கரத்த மாட்டிடவா?"

"வேணாம்."

"மாட்டாம எப்படி ஓட்டுவீங்க?"

"ஓட்டப் போறதில்ல. இது ஓடுதுன்னு யாருக்கும் தெரியக் கூடாது."

பிரசவம் பார்த்த டாக்டரிடம் குழந்தையைத் திரும்ப உள்ளே வைக்கச் சொன்னால் எப்படிப் பார்ப்பார், அப்படிப் பார்த்தார்.

"ஒம்போது வருஷமா ஓட வை, ஓட வைன்னு உயிர எடுத்தீங்க. ஓடல. இன்னைக்குத்தான் சார் ஓடுது."

"அதான் பிரச்சனையே. வீட்ல கேட்டா பார்ட்ஸ் வரலைன்னு சொல்லுங்க."

"என் வாயால சொல்லணுமா?"

"உங்க வாயாலதான். நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

அவர் கையைத் துடைத்தார். துடைத்த துணியை மடித்தார். "ஊர்ல எல்லாரும் ஓடாத வண்டிய ஓடும்னு பொய் சொல்லச் சொல்லுவான். நீங்க புது தினுசு. சரி, வாக்குக் குடுத்துட்டேன். கழுத்தறுத்தாலும் சொல்ல மாட்டேன்."

இந்த வாக்கு எனக்கு எமனாகும் என்று அப்போது தெரியாது.

மூன்று மாதம் ஓட்டினேன். வண்டியை அல்ல, காலத்தை. கேஸ்கெட் வரவில்லை, வந்தது சரியில்லை, சரியானது கப்பலில் இருக்கிறது, கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறது. அறை கட்ட வேண்டிய கொத்தனார் வாரம் தவறாமல் போன் செய்து "கப்பல் வந்துச்சா?" என்று கேட்பார். எனக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. விபத்து நடந்தது என்று எழுதிக் கொடுப்பவர்களின் பொய்யைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். என் கதை என் மேசைக்கு வந்திருந்தால் பத்து நிமிஷத்தில் நிராகரித்து முத்திரை குத்தியிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. மனைவி ஆறு மணிக்குக் கிளம்பியதும் நான் ஷெட்டுக்குள் போய், கதவைப் பாதி திறந்து வைத்து, வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்வேன். கியர் போடுவேன். தாங்கியின் மேல், சக்கரமில்லாமல், நின்ற இடத்திலேயே அறுபது கிலோமீட்டர் வேகம். எதிரே சுவர், சுவரில் விளக்குமாறு. வளைவு வருவதாக நினைத்து ஸ்டீயரிங்கைக்கூட ஒடிப்பேன். அதே நேரத்தில் அவள் மூன்றாம் மாடிப் படிகளில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள்.

மாமனாரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகும் நாள் வந்தது. மனைவியும் அவள் தம்பியும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் அவரை நாற்காலியோடு தூக்கிக் கீழே கொண்டுவந்தார்கள். "திரும்பறப்ப நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன். ரூம் வரப்போற இடத்த அப்பா பார்க்கட்டும்," என்றாள் போனில். எனக்கு அன்று லீவு. அவர்கள் வருவதற்குள் ஒரு பத்து நிமிஷம் சுவரை நோக்கிப் போய்விட்டு வந்தேன்.

தம்பி அவர்களை இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். மனைவி சமையலறைக்குப் போனாள். மாமனார் வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தார். சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், சமநிலைக்காக வண்டியின் எஞ்சினை மூடும் முன்மூடியில் கை ஊன்றினார். கையை எடுக்கவில்லை.

"சூடா இருக்கே மாப்ள."

"வெயில் மாமா."

"ஷெட்டுக்குள்ளயா?"

"புழுக்கம்."

தலையாட்டினார். "எங்க காலத்து பஸ்ல எஞ்சின் டிரைவர் பக்கத்துலயே இருக்கும். முப்பத்தோரு வருஷம் அது மேல கை வச்சவன் நான். ஓடின சூடு எதுன்னு தெரியும்."

நான் விளக்குமாற்றைப் பார்த்தேன்.

"கொஞ்சம் உட்காரட்டுமா?"

தாங்கிகளின் மேல் நின்றதால் வண்டியின் இருக்கை சரியாக நாற்காலி உயரத்தில் இருந்தது. நான் பிடித்துக்கொள்ள, ஓட்டுநர் இருக்கையில் மெல்லச் சரிந்து உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

"வேற ஒருத்தனா இருந்தா, வராதய்யான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பான்," என்றார். "நீங்க மரியாதையா மூணு மாசம் வண்டிய ஓடாம வச்சிருக்கீங்க."

குரலில் கிண்டல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். இல்லை. மனப்பூர்வமாகச் சொன்னார்.

"அப்படியில்ல மாமா."

"பரவாயில்ல. பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கறேன். உங்க பேரு வராது."

கூப்பிட்டார். அவள் கரண்டியோடு வந்தாள். "எனக்கு மூணாம் மாடியே சரிம்மா. காத்து நல்லா வருது. இங்க புழுக்கமா இருக்குன்னு மாப்ளயே சொல்றாரு."

அவள் அப்பாவையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "சாப்பாடு எடுத்துட்டு வர்றேன்," என்று திரும்பியவள் சுவரில் ஒரு கை வைத்து நின்றாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, நின்றபடியே ஓய்வெடுத்தாள். அது அழுகையைவிட மோசமாக இருந்தது.

பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். "வண்டி ஓடும்," என்றேன். "மூணு மாசமா ஓடும். பார்ட்ஸும் இல்ல, கப்பலும் இல்ல. நான் பொய் சொன்னேன்."

"இப்ப எதுக்குங்க இதெல்லாம்," என்றாள் சோர்வாக.

"நிஜமா. மெக்கானிக்க வரச் சொல்றேன். ஓட்டியே காட்டறேன்."

மெக்கானிக் வர இரண்டு மணி நேரமாயிற்று. மாமனார் அதுவரை வண்டியை விட்டு இறங்கவில்லை. "ஏறி இறங்குறது எனக்கு ஒரு நாள் வேல," என்று சொல்லி, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டு, அங்கேயே ஒரு தூக்கமும் போட்டார். மெக்கானிக் ஜாக்கி வைத்தபோதும் அசையவில்லை. "ஜாக்கில நின்ன பஸ்லயே படுத்துத் தூங்கினவன்யா நான். நீ உன் வேலயப் பாரு."

நான்கு சக்கரமும் மாட்டியாயிற்று. வண்டி தரைக்கு இறங்கியது. மாமனாரும் சேர்ந்து இறங்கி, முழங்கால் மார்புக்கு வர உட்கார்ந்திருந்தார். மனைவி கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நான் குனிந்து சாவியைத் திருப்பினேன்.

டக்.

மறுபடி திருப்பினேன். டக். சோக்கை இழுத்தேன், விட்டேன், கும்பிட்டேன். டக்.

"காலைல ஓடுச்சு," என்றேன்.

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். பழைய இழவு வீட்டு முகம் திரும்பியது.

மனைவி அவரிடம் கேட்டாள். "அண்ணே, நீங்க சொல்லுங்க. இது ஓடிச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணால் ஆமாம் என்றேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"இல்லம்மா. மூணு மாசமா ஒரு நாள்கூட ஓடல. பார்ட்ஸ் கப்பல்ல இருக்கு."

"யோவ், உண்மையச் சொல்லுய்யா."

"உண்மையத்தான் சார் சொல்றேன்," என்றார், கண்ணடித்து.

"நானே சொல்லிட்டேன்யா வீட்ல. மறைக்க வேண்டாம்."

"நீங்க ஆயிரம் சொல்லுங்க சார். நான் குடுத்த வாக்கு வாக்குதான்."

"என்ன வாக்கு?" என்றாள் மனைவி.

"நல்லா ரிப்பேர் பண்றேன்னு குடுத்த வாக்கும்மா."

மனைவி போய் முன்மூடியில் கை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்திருக்கும். என் பக்கம் திரும்பியபோது அவள் முகம் இளகியிருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

"அப்பா தன்னால சிரமம்னு நெனச்சிடக் கூடாதுன்னு பழிய உங்க மேல போட்டுக்கறீங்களா?"

"இல்லடி. நான் அயோக்கியன்."

"சரி, சரி," என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள். வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் பாதியை அவள் நம்பியதில்லை. ஒரே ஒரு உண்மை சொன்னேன், அதுவும் செல்லவில்லை.

மிச்சமிருந்த ஒரே சாட்சி வண்டிக்குள் மடங்கி உட்கார்ந்திருந்தார். "மாமா, நீங்களாவது சொல்லுங்க. கை வச்சுப் பார்த்தீங்கல்ல?"

மாமனார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வானத்தையும் பார்த்தார். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

"ஓடலைன்னா தள்ளித்தானே ஆகணும்," என்றார். "நிஜமாவே வெளிய விடப் போறீங்களா? மழை வருது மாப்ள."

"வரட்டும்."

"கரைஞ்சு போயிடும்."

"போகட்டும் மாமா."

ஹேண்ட்பிரேக்கை விடுவித்தார். "அப்ப தள்ளுங்க. ஸ்டீயரிங் என்கிட்ட இருக்கு."

மெக்கானிக்கும் நானும் முன்னால் நின்று தள்ளினோம். மாமனார் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி, வாசல் தூணுக்கும் வண்டிக்கும் ஒரு விரற்கடை இடம் விட்டு, ஒரே ஒடிப்பில் தெரு ஓரமாக நிறுத்தினார். நான் இத்தனை வருஷத்தில் அந்தத் தூணை நாலு முறை இடித்திருக்கிறேன்.

பிறகுதான் தெரிந்தது, அவரால் இறங்க முடியாது. ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். அலறினார். விட்டுவிட்டோம். "தம்பிய வரச் சொல்றேன், நாலு பேராத் தூக்கலாம்," என்று மனைவி போனை எடுத்தாள். பேசி முடித்துவிட்டு அப்பாவிடம் குனிந்தாள். "இவரு சொன்னதெல்லாம் காதுல போட்டுக்காதீங்கப்பா. வண்டி ஓடும், பொய் சொன்னேன்னு என்னென்னமோ."

நான் மாமனாரின் வாயைப் பார்த்தேன்.

"மாப்ள தங்கமான மனுஷன்மா," என்றார் மாமனார், என்னை நேராகப் பார்த்து. "எனக்காக எவ்வளவு பொய் வேணாலும் சொல்லுவாரு."

மனைவிக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. காரணம் வேறு.

"கட்டில ஜன்னல் பக்கம் போடச் சொல்லு," என்றார் அவளிடம். "கொத்தனார் எப்ப வர்றாரு?"

அவள் அளவு நாடா எடுக்க உள்ளே ஓடினாள். நான்கு மாதத்தில் அவள் இப்படி ஓடி நான் பார்த்ததில்லை. முதல் தூறல் விழுந்தது. துணிக்கூரையை விரிக்க மெக்கானிக் போராடினார். அது பாதியில் மாட்டிக்கொண்டு மாமனாரின் மண்டைக்கு மட்டும் குடை பிடித்தது. நான் தார்ப்பாய் எடுக்க ஷெட்டுக்குள் நுழைந்தேன்.

"மாப்ள."

தெருவில் நின்ற வண்டியிலிருந்து பார்த்தால் ஷெட்டின் உட்புறம் முழுக்கத் தெரியும். வண்டி நின்ற இடத்தில் தரையில் ஒரு பெரிய எண்ணெய்க் கறை. அதைத்தான் சுட்டிக்காட்டினார்.

"என் ரூம்ல அது வேணாம்."

மண்ணெண்ணெயும் துணியும் எடுத்து வந்து, மண்டி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்," என்றார் மாமனார், ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி. "அழுத்தித் தேயுங்க."