மூணு கோட்டு அடிச்சவன்

“குடிச்சா குடிச்சேன்னு சொல்லிப் போடுங்க, இந்தக் கள்ளம் மட்டும்…”

“எடி, நான் அடிச்சது என்னான்னா…”

“அதத்தான நானும் சொல்லுதேன், நல்லா அடிச்சிருக்கிய!”

“அலமாரிக்கு அடிச்சேன்டி! மூணு கோட்டு! கேட்டியா, மூணு கோட்டு பாலிஷ்!”

‘பாலிஷ்’ என்ற சொல் எலியாவின் வாய்க்குள் வழுக்கிப் பாதியாகத்தான் வெளியே வந்தது. அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். புஷ்பபாய் அவன் சட்டையை இழுத்து மோந்து பார்த்தாள். கள்ளுமில்லை, பிராந்தியுமில்லை, கண்ணைக் கரிக்கிற ஒரு நெடி.

“பூவாறு ரிசார்ட்டிலெ வெள்ளக்காரச் சாயிப்பு குடிக்கிற சாதனமா இது? ஒனக்கெல்லாம் எதுக்கு இந்தப் பவுசு?” என்றாள். கோபம் மூத்தால் அவள் ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு இறங்கிவிடுவாள்.

எலியாவுக்குப் பாறசாலைக்குப் பக்கத்தில் ராஜையாவின் மரச்சாமான் பட்டறையில் வேலை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் பாலிஷில் தின்னர் கலந்து ஸ்ப்ரே அடிக்க வேண்டும். அதற்கென்று பின்பக்கத்தில் ஒரு அறை. ஈர பாலிஷில் தூசி விழுந்தால் பளபளப்புப் போய்விடும் என்று அதன் சன்னல்களையெல்லாம் பலகை வைத்து அறைந்திருந்தார் ராஜையா. விசிறி தூசியைக் கிளப்புமாம், அதுவும் கிடையாது.

இந்தப் பக்கத்தில் குடிப்பதும் அடிதான், ஸ்ப்ரேயும் அடிதான். அந்த ஒரு சொல்லில்தான் எலியா மாட்டிக்கொண்டான். தள்ளாடிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் அடித்தேன் என்று ஒப்புக்கொண்டால் ஊர் வேறு என்ன நினைக்கும்? சபையில் பெண்கள் சங்கத்து ரத்னபாய் வீடு தேடி வந்து கேட்டாள்.

“மக்கா எலியா, உள்ளதச் சொல்லு. தினமும் அடிப்பியா?”

“தினமும்தான் அக்கா. அடிக்காம முடியுமா?”

“ஞாயிறும் உண்டா?”

“சே, ஞாயிறு அடிக்கப்பிடாது.”

“கண்டியா புஷ்பம்! ஞாயிறு தொடமாட்டான். தெய்வபயம் உள்ளவனாக்கும். திருந்திப் போவான்.”

விஷயம் மதுவிலக்குச் சங்கத்துக்குப் போயிற்று. சங்கத்தின் செயலாளர் வேறு யாருமில்லை, ராஜையாவேதான். தன் பட்டறையிலேயே ஒருத்தன் இப்படியா என்று மனம் நொந்த அவர், சொந்தக் காரிலேயே எலியாவை ஏற்றிக்கொண்டுபோய்க் குடிமறப்பு இல்லத்தில் விட்டார். அங்கே குடிக்கு ஏங்கிக் கை நடுங்காமல், யாரிடமும் கெஞ்சாமல், மூன்று வேளையும் தின்றுவிட்டுத் தூங்கிய ஒரே ஆள் எலியாதான். இப்படி ஒரு மன உறுதியைக் கண்டதில்லை என்று வார்டன் சொன்னார். தலைவலி போயிற்று. நடை நேரானது. பேச்சும் தெளிந்தது.

திரும்பி வந்த வாரம் ஆராதனையில், குடியை விட்ட கதையை அவன் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்றார் ராஜையா.

“குடிக்காதவன் எதடி சாட்சி சொல்லுவான்?” என்று எலியா வீட்டில் கத்தினான்.

“ரெண்டு வாக்கு சொல்லிட்டு எறங்குங்க. சொன்னாத்தான ராஜையா அண்ணன் திரும்ப வேலைக்கு எடுப்பாரு? சொல்லியதுனால என்ன கொறஞ்சு போச்சு?” என்று தள்ளிவிட்டவள் புஷ்பபாய்தான்.

அவனும் ஏறி நின்று, குடியிலிருந்து ஆண்டவர் தன்னை மீட்டார் என்றான். ரத்னபாய் அழுதாள். ராஜையா பொன்னாடை போர்த்தினார். தீபு என்ற சபைப் பையன் அதைப் படம் பிடித்து யூடியூபில் போட்டான். மறுநாள் காலையிலேயே எலியா அந்த அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டான். யாரோ கல்யாண வீட்டுக்கு அவசரமாகக் கட்டில் வேண்டுமாம்.

மாதம் திரும்பவில்லை. சட்டைப் பொத்தான் போட விரல் வரவில்லை. ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து காலைத் தூக்கவே முடியாமல் கிடந்தான். “மறுபடியும் விழுந்துட்டான்” என்றது சபை. புஷ்பபாய் ஆட்டோ பிடித்துக் காரக்கோணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள்.

டாக்டர் லேகா சிறு வயதுக்காரி. ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, “வெள்ளமடி, குடி உண்டோ?” என்று கேட்டாள்.

“உண்டு டாக்டரே. தினமும் அடிப்பாரு. ஞாயிறு மட்டும் கெடையாது. அன்னைக்கு நல்ல தெளிவா இருப்பாரு. திங்கக்கெழமை சாயங்காலம் பழையபடி.”

“ஜோலி என்ன?”

“பட்டறையிலெ. கட்டிலுக்கு பாலிஷ்…”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். எலியாவின் பக்கம் திரும்பினாள்.

“சேட்டா, அடிக்கும்போ கையிலெ கிளாஸா, ஸ்ப்ரே கன்னா?”

“கன்னுதான் டாக்டரே,” என்றான் எலியா, அழமாட்டாத குறையாக. “இத இதுவரைக்கும் ஒரு மனுசரும் கேக்கல்ல.”

பிறகு நிறையக் கேள்விகள். சன்னல் உண்டா, விசிறி உண்டா, மூக்குக்கு என்ன கட்டுவது.

“தோர்த்துத் துண்டு கெட்டுவேன்.”

“தோர்த்தக் கண்டா தூசி நிக்கும். தின்னருக்க ஆவி நிக்காது. அது மூச்சு வழியா உள்ள போய் மூளைக்கும் நரம்புக்கும் ஏறும். குடிச்ச மாதிரிதான் இருக்கும்.” ரத்தச் சோதனை வந்தது. பொட்டாசியம் ஆபத்தாகக் குறைந்திருந்தது. கால் தூக்க முடியாததற்கு அதுதான் காரணம் என்றாள். “அத டிரிப்பிலெ ஏத்துவோம். நரம்புக்கு ஒரு டெஸ்ட் உண்டு. ஆனா இந்த விஷத்த முறிக்க மருந்து ஒண்ணும் இல்ல. அந்த முறிக்குள்ள, அந்த ஸ்ப்ரே ரூமுக்குள்ள போகாம இருக்கதுதான் மருந்து.”

“போகல்லேன்னா பழையபடி நடப்பாரா?” என்றாள் புஷ்பபாய்.

“மெல்ல மெல்லச் சரியாகும். முழுசும் சரியாகுமான்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா இன்னும் போனா, பின்ன நடத்தம் உங்க கையிலெ இல்ல.”

டாக்டர் போன பிறகு புஷ்பபாய் கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள். புருஷன் குடிகாரன் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அவன் குடியை விட வேண்டுமென்று தான் இருந்த இத்தனை வெள்ளிக்கிழமை உபவாசமும் எந்தக் கணக்கில் போயிற்று என்பதுதான் தெரியவில்லை.

“எனக்கிட்ட தெளிச்சுச் சொல்லப்பிடாதா?”

“தினமும் சொன்னேனே பிள்ளே, மூணு கோட்டுன்னு.”

சாயங்காலம் ராஜையா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். முதலில் ஜெபம் பண்ணினார். ‘இந்தப் பாவப் பழக்கத்திலிருந்து’ என்று அவர் தொடங்கும்போதே புஷ்பபாய் கண்ணைத் திறந்துவிட்டாள். ஆமென் சொல்லி முடித்ததும் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள்.

“சன்னல் பலகைய எடுத்துப் போடுங்க அண்ணா. காத்து வெளிய போக ஒரு ஃபேன் வையுங்க.”

“முறிக்கு என்ன கொற? ஒரு பொட்டுத் தூசி விழாது அதுக்குள்ள.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இஞ்ச பாரு புஷ்பம். குடின்னு இவன் வாயாலெ சபைக்கு முன்ன சொன்னதாக்கும். யூடியூபிலெ கெடக்கு, ஊரே பாத்தாச்சு. இப்ப பாலிஷ்னு மாத்திச் சொன்னா, சாட்சி பொய்யின்னு ஆகுமே? ஆண்டவருக்க பேருக்குல்லா கேடு?”

சொல்லியதால் என்ன குறைந்து போயிற்று என்று தான் கேட்டது புஷ்பபாய்க்கு நெஞ்சில் இடித்தது. எலியா டிரிப் ஏறுகிற கையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

“ரெண்டு நாள் கெடந்துட்டு வரட்டு. பட்டறையிலெ பாதி அடிச்ச கட்டில் அப்படியே நிக்குது.”

“அவரு இனி அங்க வரமாட்டாரு அண்ணா.”

ராஜையா எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். “பட்டறைக்கு ஆளா இல்ல? நம்ம ஷைஜு நாளைக்கே வாறேன்னு நிக்கியான். தங்கமான ஆளு. ஒரு சொட்டு குடிக்கமாட்டான்.”

“இவரும் அப்படித்தான அண்ணா அந்த முறிக்குள்ள போனாரு?”