நாற்பத்தேழாம் பக்கம்

நாற்பத்தாறாம் பக்கத்துக்கு அடுத்து நாற்பத்தொன்பதாம் பக்கம் இருந்தது. பிளேடைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தரம் புரட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு தாள் இல்லை. தானாகக் கிழிந்து விழுந்ததல்ல. கத்தரிக்கோலால் மடிப்பை ஒட்டி நேராக வெட்டி எடுத்திருந்தார்கள். அது கோமதி கதையின் அறுபத்திரண்டாவது வாரம். கடைசி வாரம். நாற்பத்தாறாம் பக்கத்தின் கடைசி வரியில் கோமதி தன் புருஷன் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டக் கையை உயர்த்துகிறாள். ‘அப்போது’ என்ற சொல்லோடு பக்கம் முடிந்திருந்தது.

ஆலங்குடியில் அந்த வாரப் பத்திரிகையை மூன்று பேர் சேர்ந்து வாங்கினோம். வெள்ளிக்கிழமை புதுக்கோட்டை பஸ்ஸில் வரும். பஸ் ஏஜெண்டு ஆபீஸில் டிக்கெட் எழுதும் ரெங்கராஜ் முதலில் படிப்பான். சனிக்கிழமை சாயங்காலம் ஆத்மநாதன் வாத்தியாருக்குப் போகும். புதன்கிழமை எனக்கு. கடைசியில் படிப்பவனுக்குப் பத்திரிகை சொந்தம் என்பதால் கடைசி இடத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தொடர்கதைப் பக்கங்களை மட்டும் வெட்டி எடுத்து, கதை முடிந்ததும் புதுக்கோட்டையில் கொடுத்துக் காலிகோத் துணி போட்டு பைண்டு செய்வேன். அப்படி நான்கு புத்தகங்கள் வைத்திருந்தேன். பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றவன், கடலை மில்லில் ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவன், இவனுக்கு எதற்கு இதெல்லாம் என்று மில்லில் கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. படிக்காதவனிடம் படிப்பதைப் பற்றிப் பேசுவது பசியில்லாதவனிடம் சோற்றைப் பற்றிப் பேசுவது மாதிரி.

படிக்கிறவனுக்கு உள்ள தொல்லைகள் வேறு. விடிந்து வீட்டுக்கு வந்தால் கண் எரியும். ஒரே வரியை மூன்று தரம் படிப்பேன். இரவல் கொடுத்த புத்தகம் எண்ணெய்க் கறையோடு திரும்பி வரும், அல்லது வராது. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை முன்னால் படித்துவிட்டவர்கள். போன தொடரில் திருடன் யார் என்பதை ரெங்கராஜ் டீக்கடையில் வைத்து, கிளாசைக் கூடக் கீழே வைக்காமல், சொல்லிவிட்டான். மூன்று வாரம் அவனோடு பேசவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தச் சட்டத்தைப் போட்டேன். பின்னால் இருப்பவனுக்கு யாரும் கதை சொல்லக்கூடாது. சொன்னவனுக்குப் பத்திரிகை கிடையாது.

“என்னடா பிளேடும் கையுமா ஒக்காந்திருக்கே? படி” என்றாள் அக்கா. அவள் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் வரலக்கா. இது போன வாரத்துது” என்றேன். அக்காவுக்கு எழுத்து தெரியாது. எங்கள் அம்மா இறந்தபோது எனக்கு நான்கு வயது. என்னைப் பார்த்துக்கொள்ள, ஆவூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த மாதமே அவளை நிறுத்தினார்கள். அவளை நிறுத்தி எனக்குக் கொடுத்த படிப்பைத்தான் நான் பாதியில் விட்டேன்.

கோமதி கதை தொடங்கிய இரண்டாவது வாரம், ஈஸ்டர் வரும் வாரத்தில், பெரிய வியாழனுக்கு முந்தின நாள், வியாகுலமேரி அக்கா ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள். அவளுடைய இடது காது கேட்கவில்லை. எப்படி என்று நான் கேட்கவில்லை. அவள் புருஷன் சந்தனராஜ் மாமாவின் கை எனக்குத் தெரியும். அன்று காலை படித்துக்கொண்டிருந்த கதையைச் சும்மா உரக்கப் படித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் வலது காதைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அதிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் படித்தேன். பட்டணத்தில் புருஷனை விட்டு வந்து, தையல் மெஷின் மிதித்துப் பிழைக்கிற கோமதி. அக்கா அவளைப் பற்றி அடுத்த தெருவில் இருப்பவளைப் போலப் பேசுவாள். “இந்த வாரமாவது அந்த வீட்டுக்காரம்மா வாடகைய விட்டுக்குடுத்தாளா?” என்பாள்.

போன மாதம் மாமா ஊர்க் கோயில் உபதேசியார் வந்தார். பூசையில் கட்டின தாலி, சும்மா விட்டுவிட முடியுமா என்றார். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் மாமாவையும் கூட்டி வருவதாகவும், அக்கா பெட்டியோடு தயாராக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அக்கா, “சரிங்க” என்றாள். அவள் சரி என்றதும் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. ஒரே அறை வீடு. எனக்கும் வயது முப்பதாகப் போகிறது. பிறகு அப்படி லேசாக இருந்ததை நினைத்து என் மேலேயே கசந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. போகாதே என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆயிரக்கணக்கான பக்கம் படித்தவனுக்கு அது வரவில்லை.

கதை முடிகிற வாரமும் அவள் போகிற வாரமும் ஒன்றாக வந்துவிட்டன. “அது என்ன ஆவுதுன்னு கேட்டுட்டுத்தான் போவேன்” என்று அவள் சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆத்மநாதன் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். தாளைப் பற்றிக் கேட்டதும், தெரியாது என்று தலையை ஆட்டினார். உள்ளே இருந்து அவர் மனைவி உண்ணாமலை பதில் சொன்னாள்.

“அந்த ரோசாப்பூ டிசைன் போட்டிருந்த தாளாங்க? அதை நான்தான் வெட்டுனேன். தலகாணி ஒறைக்கு.”

நாற்பத்தெட்டாம் பக்கத்தில், கதையின் முதுகில், ரோஜாப்பூ இருந்திருக்கிறது.

“அந்தத் தாளு இருக்குங்களா?”

“ஏதுங்க? கோட்டு மேல ஊசியால குத்திக் கரியத் தடவி எடுத்ததுல கந்தலாப் போச்சு. அடுப்புல போட்டுட்டேன். பூ நல்லா விழுந்திருக்கு, பாக்குறீங்களா?”

தலையணை உறையைக் கொண்டு வந்து காட்டினாள். பூ நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அதைப் பிடித்துக் கிழிக்க வேண்டும் போல வந்தது.

“சார், நம்ம சட்டம் கெடக்கட்டும். முடிவ மட்டும் சொல்லுங்க” என்றேன்.

வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது வந்து ஆரோக்கியமுத்து, புருஷன் கதவைத் தொறக்குறான். அவளப் பாக்குறான். தப்ப ஒணந்து கண்ணு கலங்குறான். அவ மன்னிச்சு உள்ள போறா. குடும்பம் ஒண்ணு சேந்துருது. நல்ல முடிவு.”

“நீங்க எப்பப் படிச்சீங்க? நீங்க வாங்கியாந்த ஒடனே, சட்டையக் கழட்டுறதுக்குள்ள நான் வெட்டிப்புட்டேனே” என்றாள் உண்ணாமலை.

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த நோட்டை எடுத்தார். “வேற எப்படி முடிப்பான்?” என்றார், நோட்டைப் பார்த்தபடியே.

சனிக்கிழமை மத்தியானம் ரெங்கராஜைப் பிடித்தேன். அவன் அந்தத் தாளைப் பார்த்த ஒரே ஆள். அறந்தாங்கி பஸ்ஸுக்கு டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தான்.

“வாய்யா, சட்டம் போட்டவரே. நான் சொல்ல மாட்டேன். அப்பறம் பத்திரிகை கெடையாதுன்னுருவே.”

“சொல்லுய்யா. அவசரம்.”

“என்ன அவசரம், கோமதி ஒனக்கு அத்தை மகளா?” என்றவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினான். “அவன் கதவத் தொறக்கலய்யா. உள்ள வேற பொம்பள சத்தம் கேக்குது. இவ நேரா பீச்சுக்குப் போறா. அலையில எறங்குறா. செருப்பு மட்டும் கரையில கெடக்கு. முற்றும்.”

“அவ்வளவுதானா?”

“ஆறே வரி. எழுதுறவனுக்கு அலுத்துப் போச்சு போல.”

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அறுபத்தொரு வாரம் ஒருத்தியைத் தையல் மெஷின் மிதிக்க வைத்து, வாடகைக்கு அலைய விட்டு, காய்ச்சலில் போட்டு எழுப்பி, கடைசியில் ஆறு வரியில் கடலில் தள்ளிவிட்டான். அடுத்த வாரம் புதுத் தொடர் தொடங்க இடம் வேண்டும், அதுதான் காரணம். எனக்குப் பிடித்த கதைகள் பலவும் இப்படித்தான் முடிந்திருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது. பெண்ணைத் திருப்பி அனுப்புவான், அல்லது கொன்றுபோடுவான். என்னிடம் இருந்த நான்கு பைண்டுகளில் மூன்றில் அப்படி. நான் அதையெல்லாம் கண் கலங்கப் படித்தவன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அக்கா பெட்டியைப் பூட்டினாள். பூசைக்குக் கட்டிய சேலையை மாற்றவில்லை. தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

“வந்துருச்சுதானே? ஒன் தலமாட்டுல பாத்தேன். அட்டை புதுசா இருக்கு” என்றாள். “படிச்சு முடிச்சிரு. மணி பத்தாச்சு.”

நான் எடுத்து வந்து அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன். நாற்பத்தாறாம் பக்கம் வரை அச்சில் இருந்ததைப் படித்தேன். கோமதி கையை உயர்த்தினாள். அப்போது.

பக்கத்தைத் திருப்பினேன். நாற்பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு தைல விளம்பரம் இருந்தது. அதில் ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்தபடியே படித்தேன். “அப்போது கோமதி கையைத் தாழ்த்தினாள். அவள் கதவைத் தட்டவில்லை. திரும்பி நடந்தாள்.”

இந்த மூன்று வாக்கியத்துக்கே எனக்கு வியர்த்துவிட்டது. எழுதுகிறவனைத் திட்டுவது சுலபம்.

“அப்பறம்?”

“கோமதி நடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். பஸ் நின்றுகொண்டிருந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள்.”

“எந்த பஸ்ஸு?”

“ஆலங்குடி பஸ்” என்றேன். வாயில் அதுதான் வந்தது.

அக்கா முழங்காலிலிருந்து கையை எடுத்தாள். “பட்டணத்துல ஏதுடா ஆலங்குடி பஸ்ஸு?”

நான் தைலக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி, படி. எறங்கி எங்க போனா?”

“தன் தம்பி வீட்டுக்குப் போனாள்.”

“கோமதிக்குத் தம்பியே கெடையாதேடா. அறுவது வாரமா நீதானே படிச்சே.”

“இந்த வாரம் வர்றான்.”

வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. அக்கா என்னைப் பார்க்காமல், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அந்தத் தம்பி என்ன சொன்னான்?”

அப்போதும் நான் எழுத்து நடையில்தான் ஏதோ சொல்லப் பார்த்தேன். வரவில்லை. பத்திரிகையை மூடினேன்.

“இங்கயே இருக்கச் சொன்னான்” என்றேன். “போவ வேணாம்னான்.”

“அவனுக்குக் கல்யாணம் காச்சின்னு ஒண்ணு வரும்ல?”

“வரும். அப்பயும் இருக்கச் சொன்னான்.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன? நான் ஒருத்தி, ஒனக்குப் பாரமா இருக்கேன்னு போன மாசமே சரின்னுட்டேன்.” குரலில் கோபம் இருந்தது. நியாயமான கோபம். “வாயில என்ன வச்சிருந்தே? கடலைப் புண்ணாக்கா?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய் முகம் கழுவினாள்.

பதினோரு மணி பஸ் அரை மணி தாமதமாக வந்தது. உபதேசியார் மட்டும் வீட்டுக்குள் வந்தார். சந்தனராஜ் மாமா எதிர்க்கடை ஓரத்தில், பீடி பிடித்தபடி, வேறு யாருக்கோ காத்திருப்பவர் போல நின்றார். அக்கா உபதேசியாருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள்.

“நான் வரலைங்க” என்றாள்.

“என்னம்மா, போன மாசம் சரின்னே?”

“சொன்னேங்க. இப்ப வரலைன்னு சொல்றேன்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “என்ன ஆரோக்கியமுத்து, நீயாவது சொல்லக்கூடாதா?”

“நான் சொல்லிட்டேங்க. இருக்கச் சொல்லிட்டேன்.”

சாமியாரிடம் சொல்ல வேண்டியிருக்கும், ஊர் பேசும், நாளைக்கு உனக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்றெல்லாம் அவர் சொன்னார். பொய்யாக ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் நடக்கக்கூடியவைதான். நான் கேட்டுக்கொண்டேன். பிறகு அவர் எழுந்து தெருவைத் தாண்டிப் போய் மாமாவிடம் பேசினார். மாமா ஒரு தரம் எங்கள் வாசலைப் பார்த்தார். ஓடி வருவார், கத்துவார் என்று நினைத்து வாசல்படியில் போய் நின்றேன். அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, உபதேசியாருக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். அவ்வளவுதான். பதினாலு மாதமாக நான் பயந்தது அவ்வளவுதான்.

பாயை விரித்துப் படுத்தேன். எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தெரியவில்லை. விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் பேச்சுச் சத்தம். கோட்டைப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் கூடை கொண்டுவரும் மீன்காரர் குந்தியிருந்தார். அக்கா எதிரே உட்கார்ந்து ஒரு மீனைக் கையில் எடுத்து, செவுளை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

“வெளுத்துப் போச்சுங்க இது. யாரு வாங்குவா?”

“காலையில வந்த மீனும்மா. இந்நேரத்துக்கு அப்படித்தான் இருக்கும்.”

அவள் மீனைக் கூடையில் போட்டுவிட்டுக் கையை மண்ணில் துடைத்தாள்.

“நாளைக்குக் காலையில இங்கிட்டுத்தானே வருவீங்க?” என்றாள்.